பறவை எண்ணப் போன வருடம்

தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு வருடம் பிறப்பது தை மாதத்தில்தான். பொங்கலையொட்டிய நான்கு நாட்கள், 2015 முதல் ஆண்டுதோறும், மாநிலம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விதிமுறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒன்று விடாமல், காக்கையையும் சேர்த்து, குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் நடத்தும் ஈபேர்ட் தளத்தில் பட்டியலை ஏற்ற வேண்டும். கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம். நானும் சில வருடங்களாகத் திருவானைக்காவில் எங்கள் மொட்டை மாடியில் நின்று அப்படித்தான் செய்துவந்தேன். மைனா, கரிச்சான், பனைமரத்து உழவாரன், தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு செம்போத்து.

போன தை மாதத்தில் ஒரு முடிவெடுத்தேன். இந்த வருடம் எங்கள் குழு எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும், விடுப்பு கிடைக்கும்வரை, போய்விடுவது. குழு என்றால் பதிவு செய்த சங்கமெல்லாம் இல்லை. ஒரு வாட்ஸாப் குழு, அவ்வளவுதான். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பல் மருத்துவர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் எல்லாரும் இருக்கிறோம். என் மாமியார் விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏம்மா, எண்ணிக் குடுத்தா எதாச்சும் தருவாங்களா?” என்றார். டீ தருவார்கள் என்றேன். அதுவும் பாதி நாள் நம் காசு.

முதலில் போனது பக்கத்திலேயே, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கு. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பெரிய ஏரி. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இங்கே இறங்குவது வழக்கம். தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், சாம்பல் உடம்பு, பகல் முழுக்க ஒரு சோம்பல். திபெத்திலும் மங்கோலியாவிலும் பிறந்து, அரியலூர் வயலில் வந்து மேய்கிற பறவை அது.

கரைவெட்டியில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் வாத்து அல்ல, விடியற்காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நிற்கும் தைரியம். ஆண்கள் எழுதும் பறவைக் கட்டுரைகளில் இது வராது. நம் ஊர் ஏரிக்கரை விடியலில் யாருடைய இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். தனியாக ஒரு பெண் பைனாகுலரோடு கரைமேல் நடந்தால், கீழே ஒதுங்கியிருப்பவர்கள் தங்களைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துச் சத்தம் போடுவார்கள். முந்தின இரவின் பாட்டில்களோடு இன்னும் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. கழிப்பறை என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் குழுவில் நான்கைந்து பெண்கள் சேர்ந்த பிறகுதான், புறப்படுவதற்கு முன் வழியில் எந்த பெட்ரோல் பங்க் சுத்தமாக இருக்கும் என்ற தகவலும் பறவைத் தகவலோடு சேர்ந்து வர ஆரம்பித்தது. பறவை ஆர்வம் பெண்களிடம் குறைவு என்று யாராவது சொன்னால் அவரை ஒருநாள் எங்களோடு அனுப்பி வையுங்கள்.

ஜனவரி கடைசியில் திருநெல்வேலி. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு மணிமுத்தாறில் நடத்தும் அகத்தியமலை மையமும், நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். எந்த ஊரிலிருந்தும் தன்னார்வலர்கள் வரலாம். வந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சில குளங்களை ஒப்படைத்துவிடுவார்கள். பழகியவர் ஒருவர், புதியவர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு வண்டி. முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்க ஒரே வண்டியில் சுற்றுவதுபோல் மனிதர்களைப் பழக்கும் ஏற்பாடு வேறெதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மத்தியானத்துக்குள் யார் எதற்குச் சிரிப்பார், யாருக்கு வெயில் ஆகாது, யார் சாப்பாட்டை மறந்துவிட்டு நிற்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

எண்ணுவதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. குளத்தில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தால் பாதியில் ஒரு கருடன் வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டுவிடும். முதலில் பத்துப் பறவைகளை எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே அளவைக் கூட்டம் நெடுகப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். கூட்டம் பெரிதென்றால் நூறு நூறாக. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். நாமக்கோழி கறுப்பும் வெள்ளை நெற்றியுமாக இருப்பதால் சுலபம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கலந்து நின்றால் சண்டைதான். எங்கள் வண்டியில் இருந்த தூத்துக்குடிக் கல்லூரிப் பெண் என்னைவிடக் கூட்டியே சொல்வாள். ஸ்கோப்பில் மறுபடி பார்த்தால் பெரும்பாலும் அவள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பழகாத கண் கூட்டத்தைக் குறைத்தே எண்ணும் என்று பழகியவர் சொன்னார்.

ஒரு குளத்தங்கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை வெகுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“என்னத்தம்மா எண்ணுதிய?”

“பறவை எண்ணுதோம் அண்ணாச்சி” என்றாள் தூத்துக்குடிப் பெண்.

“எண்ணி?”

எண்ணினால் எந்தப் பறவை குறைகிறது, எது கூடுகிறது என்று தெரியும் என்று நான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, “போன வருசம் இத விடக் கொறச்சலாத்தான் இருந்திருக்கும், பாத்துக்கோங்க. மறுகால் பாயுத அளவுக்குத் தண்ணி கெடந்துச்சு. வாத்துக்கு முங்கத் தண்ணி வேண்டாம், மேய எடம் வேணும். தண்ணி வத்த வத்தத்தான் வரும்” என்றார்.

முந்தைய வருடத் தாளைப் புரட்டினோம். அந்தக் குளத்துக்கு நேராகச் சிறிய எண்தான் இருந்தது. தாளில் எண் இருந்தது, காரணம் இல்லை. நீர்மட்டம் ஏறினால் சேற்றில் மேயும் உள்ளான்களுக்கும், தலையை மட்டும் முக்கி மேயும் வாத்துகளுக்கும் இடம் போய்விடும் என்பது பறவையியல் புத்தகங்களில் உள்ள செய்திதான். ஆனால் இந்தக் குளத்தில், போன வருடம், இதுதான் நடந்தது என்று சொல்ல அவர் ஒருவர்தான் அங்கே இருந்தார். ஈபேர்டில் குறிப்பு எழுத ஒரு பெட்டி உண்டு, பலரும் காலியாக விடுவது. அதில் அவர் சொன்னதை எழுதினேன். அன்றிலிருந்து எந்தக் கரையில் இறங்கினாலும் பைனாகுலரை எடுக்கும் முன் அங்கே இருக்கும் ஆளிடம் பேசுகிறேன். மீன் குத்தகைக்காரர், மடை திறப்பவர், டீக்கடை அக்கா, யாராக இருந்தாலும். எங்கள் வாட்ஸாப் குழுவில் யாரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது என்று எல்லாருக்கும் மனப்பாடம். நாங்கள் வருடா வருடம் போகும் ஏரிக்கு மடை திறப்பவரின் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பயணத்திலேயே திருப்புடைமருதூருக்கும் கூந்தன்குளத்துக்கும் போனோம். திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோயில். சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. 2005இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற சட்ட வகையில் இந்தியாவிலேயே முதலாவது. கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களைப் பார்க்க வருபவர்கள் தலைக்குமேல் இருக்கும் கூடுகளைப் பார்ப்பதில்லை. நாங்கள் நேர்மாறு.

கூந்தன்குளத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. வீட்டுப் புழக்கடை மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும், எச்சம் முற்றமெல்லாம் விழும், நாற்றம் அடிக்கும், ஊரார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த பால்பாண்டி இப்போது இல்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் ஊரில் கதவு திறக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் வேட்டையைத் தடுக்க ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியது 1798இல். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. நம்மைப் போன்ற தன்னார்வலர்கள் வருவதற்கு வெகு முன்பே இவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த ஊர்களை அடுக்குகிறேன்.

பங்குனிக்கு மேல் வலசைப் பறவைகள் கிளம்பிவிடும். கோடையில் குழு தூங்கிவிடும். வேலை இருந்தது பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான். லால்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பறவை காட்டப் போனோம். படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்கத் திட்டம். பாதிக்கு மேல் படம் வருவதற்குள் பதில் வந்தது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் பனங்காடை எந்தப் பனைமரப் பொந்தில் முட்டையிட்டிருக்கிறது என்றே சொன்னான். எப்படித் தெரியும் என்றால், உண்டிவில் வைத்திருக்கிறான். அவனைத் திட்டவில்லை. பார்வையில் அவன் எங்கள் எல்லாரையும்விடக் கூர்மை. பைனாகுலரை அவன் கையில் கொடுத்தோம். திருப்பிக் கேட்கத்தான் சிரமமாக இருந்தது.

ஐப்பசியில் கோடியக்கரை. வேதாரண்யத்தில் இறங்கி, உப்பளங்களைத் தாண்டிப் போக வேண்டும். தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் இதுதான், 2002இல் அறிவித்தார்கள். பறவையியலாளர் சாலிம் அலி தேடி வந்த இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். மழை பிடித்துக்கொண்டது, பூநாரைகள் இன்னும் வந்து சேரவில்லை, எண்ணிக்கை சுமார். ஆனால் தஞ்சாவூர், புதுச்சேரி, சேலம் என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் வந்தவர்கள் ஒரே திண்ணையில் மழைக்கு ஒதுங்கினோம். உள்ளான் வகைகளைப் பிரித்தறிவதை அன்றுதான் எனக்கு ஒருவர் முழுசாகச் சொல்லிக் கொடுத்தார். மூக்கின் நீளம், காலின் நிறம், பறக்கும்போது முதுகில் வெள்ளை தெரிகிறதா என்று மூன்று கேள்விகள். புத்தகத்தில் வருடக்கணக்காகப் படித்தும் ஏறாதது, ஒரு மழை நேரத்தில் ஏறியது.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆந்தை இருக்குமிடத்தைக் குழுவில் போட்டால் மறுநாள் அந்த மரத்தடியில் பத்து கேமரா நிற்கிறது. பறவையின் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு வெளியே வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, தாய்ப்பறவையைத் திரும்பவிடாமல் செய்தவரை ஒருமுறை எழுப்பி அனுப்பினோம், அவர் குழுவிலிருந்தே விலகிவிட்டார். நல்லது. மேடை, பேனர், சிறப்பு விருந்தினர், சால்வை என்று ஏற்பாடான நாட்களில் பறவைகள் குறைவாகத்தான் தெரிந்தன. மைக் செட்டுக்குப் பறவைகள் பொதுவாக மரியாதை கொடுப்பதில்லை.

இப்படிச் சேரும் பட்டியல்களால் என்ன பயன் என்று மாமியார் மட்டுமல்ல, பலரும் கேட்கிறார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் ஏற்றிய சுமார் மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 பறவை இனங்களின் நிலையை மதிப்பிட்டது. மயிலும் குயிலும் பெருகுகின்றன. லால்குடிப் பையனின் பனங்காடை குறைந்துகொண்டே வருகிறது. நம்மோடு எப்போதும் இருக்கும் என்று நாம் நினைக்கும் பறவை அது. மொட்டை மாடியிலிருந்தும் ஏரிக்கரையிலிருந்தும் சம்பளமில்லாமல் எண்ணியவர்கள் இல்லையென்றால் இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரிக்கும் போய்ப் பாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை, பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதினைந்து நிமிடம் போதும். தெரியாத பறவையை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுங்கள். ஆனால் எண்ணத் தொடங்கும் முன் கரையில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் இந்த வருடம் தண்ணீர் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் சொல்வதையும் பட்டியலோடு சேர்த்து ஏற்றுங்கள்.