ஒப்படைத்தலும் உடனிருத்தலும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று பெரியோர் வகுத்த வரிசையில், பெற்றோருக்கும் தெய்வத்துக்கும் இடையே நிற்பவர் ஆசிரியர். பெற்றவர்கள் குழந்தையைக் கைப்பிடித்துக் குருவிடம் சேர்க்கிறார்கள். குரு இறைவனிடம் சேர்ப்பிக்கிறார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நடுவழியில் தவிப்பது குழந்தையே.

பிள்ளையைப் பிறர் பொறுப்பில் விடுதல் எளிதன்று. வேள்வி காக்க இராமனைத் தருமாறு விசுவாமித்திரர் கேட்டபோது தசரதர் நடுங்கினார். பதினாறு வயதும் நிரம்பாத பாலகன் என்றும், படையோடு தாமே வருவதாகவும் மன்றாடினார். வசிட்டர் எடுத்துரைத்த பின்னரே அவர் மனம் தேறியது. பலை, அதிபலை என்னும் மந்திரங்களும் திவ்விய அஸ்திரங்களும் இராமனுக்குக் கிடைத்தது அந்தப் பயணத்தில்தான். அரண்மனையிலேயே இருந்திருந்தால் அவை வாய்த்திரா.

தமிழகம் நன்கறிந்த மற்றொரு தந்தை வேங்கடசுப்பையர். இசையில் வல்லவர், பொருள் வளம் குறைந்தவர். மகனுக்குத் தமிழின்மேல் உண்டான தாகத்தைக் கண்டு, அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகக் குடிபெயர்ந்து, பாடம் சொல்வோரைத் தேடினார். முடிவில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தார். அந்த மகனே பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பட்ட உ.வே.சாமிநாதையர்.

மகன் இசையும் கற்க வேண்டும் என்பது தந்தையின் ஆசை. ஆகவே, நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மாயூரத்திலேயே இசைப் பாடமும் தொடங்கிற்று. இசையில் மனம் தோய்ந்தால் இலக்கண இலக்கியப் பயிற்சி தளரும் என்று பிள்ளையவர்கள் கருதினார். இசைப் பாடம் அத்துடன் நின்றது. தாம் உயிராகப் போற்றிய கலை மகனிடம் தொடராமற் போவது ஒரு தந்தைக்குச் சிறிய இழப்பா? ஆயினும் 1887இல் சீவக சிந்தாமணியும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பில் வெளிவந்ததற்கு வித்தாக அமைந்தது ஆசிரியரிடம் பெற்ற அந்தப் பயிற்சியே.

ஒப்படைத்தல் என்பது கைகழுவுதல் அன்று. திண்ணைப் பள்ளிக்கூட நாட்களில், ‘கண் இரண்டை விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிய பெற்றோர் உண்டு. அதனை நம்பிக்கை என்று புகழ்வோர், அடிக்கு அஞ்சிப் படிப்பையே விட்டோடிய சிறுவர்களை எண்ணுவதில்லை. இன்றோ சில இல்லங்களில் நேர்மாறு. ஆசிரியர் ஒரு சொல் கடிந்தார் என்று குழந்தை அழுதவுடனே, நடந்தது யாது என்று கேளாமல் பள்ளிக்குச் சண்டைக்குப் புறப்படுகின்றனர். முன்னதில் குழந்தைக்குப் பெற்றோர் இல்லை. பின்னதில் ஆசிரியர் இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்தது. ஆசிரியர்கள் பெற்றோரைத் தவறாமல் சந்தித்து, பிள்ளையின் வருகை, முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைக்க வேண்டும் என்றும் விதித்தது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே செல்ல வேண்டியவர்கள் பெற்றோரே.

தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், பள்ளிவிட்டு வரும் குழந்தையின் முகத்தை முதலில் காண்பவர்கள் பாட்டியும் தாத்தாவும். அன்று வகுப்பில் நடந்ததை அது முதலில் சொல்வதும் அவர்களிடமே. வசிட்டர் தசரதருக்குச் செய்த உதவியை இவர்கள் தம் பிள்ளைகளுக்குச் செய்யலாம். சினத்தோடு புறப்படும் மகனை அமர்த்தி, முதலில் ஆசிரியரின் சொல்லையும் கேட்கச் செய்யலாம். பேரனின் செவிபட ஆசிரியரை இகழாதிருக்கலாம். குழந்தையிடம் உண்மையான அச்சத்தைக் கண்டால் மறைக்காமல் பள்ளிக்குத் தெரிவிக்கலாம்.

விஜயதசமியன்று தாத்தாவின் மடியில் அமர்ந்து நெல்லில் முதலெழுத்தை வரையும் பிஞ்சு விரலைப் பற்றியிருப்பது வீட்டுக் கை. மறுநாள் அதே விரலைப் பற்றுவது பள்ளியின் கை. இரண்டும் ஒரே எழுத்தை நோக்கி நகருமாயின், கலைமகளின் அருள் அக்குழந்தையின் நாவில் நிலைத்து நிற்கும்.