மீன் சதையில எழுதின கணக்கு

வைகை அணை மீன் வாங்கப் போனா செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். சிவப்பா இருந்தா புதுசு. ஆனா அது எதைத் தின்னு வளர்ந்துச்சுங்கறது செவுள்ல தெரியாது. வயித்தைக் கிழிச்சாலும் கடைசியா முழுங்கினது மட்டும்தான் தெரியும். அதுலயும் கொஞ்சம் செரிக்காம வெளிய போயிடும். மாசக்கணக்குல தின்னு உடம்புல ஒட்டினது எதுன்னு சதையைக் கேட்டாத்தான் சொல்லும்.

அதை எப்படிக் கேக்குறாங்க? கார்பன்ல நூறு அணுவுக்கு ஒண்ணு கொஞ்சம் எடை கூடினது. நைட்ரஜன்ல ஆயிரத்துக்கு நாலு கூடத் தேறாது. ஐசோடோப்புன்னு சொல்றது இதைத்தான். இயற்கையிலயே இருக்கிறது, கதிர்வீச்சு கிடையாது. நெல்லு, வாழை, தென்னை எல்லாம் ஒரு சாதி. சோளம், மக்காச்சோளம், கரும்பு வேற சாதி. ரெண்டாவது சாதியில எடை கூடின கார்பன் கொஞ்சம் அதிகம். தின்ன உயிரோட சதையிலயும் அந்த அளவு பெருசா மாறாது. அதனால தீனி எங்கருந்து வந்ததுன்னு கார்பன் சொல்லிடும்.

நைட்ரஜன் வேற கதை. பாசியைப் பூச்சி தின்னு, பூச்சியைச் சின்ன மீன் தின்னு, அதை விரால் தின்னா, ஒவ்வொரு படிக்கும் கன நைட்ரஜன் ஆயிரத்துக்கு சுமார் 3.4 கூடும். மீன் எத்தனையாவது படியில நிக்குதுன்னு அதை வச்சு எண்ணிடலாம். முதல்ல அந்தத் தண்ணியோட பாசியை அளந்துக்கணும். அடிப்படி தெரியாம மேல்படியை எண்ண முடியாதுல்ல?

காக்கிநாடா பக்கம் கோதாவரி கழிமுகத்துல கோரிங்கா அலையாத்திக் காடு இருக்கு. அங்க உதிர்ற இலைதான் எல்லா உயிருக்கும் தீனின்னு யாருக்கும் தோணும். பெல்ஜியம் ஆராய்ச்சியாளர்களும் நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஐசோடோப் அளந்து 2000லயும் 2002லயும் ஆய்வு வெளியிட்டாங்க. இலைக்குப்பையும் ஆறு அடிச்சிட்டு வந்த வண்டலும் தண்ணி முழுக்கக் கிடந்தும், மிதவை உயிரிகள் பொறுக்கித் தின்னது தண்ணியில வளர்ற நுண்பாசியைத்தான். காட்டுத்தரையில வாழ்ற சிற்றுயிர்கள்லயும் இலையை நம்பி இருந்தது கொஞ்சம்தான். கழிமுகத்து மீன்கள் பலதும் வளர்றது இதுங்களைத் தின்னுதான். கண்ணுக்கு நெறையத் தெரியறது வேற, உடம்பை வளர்க்கிறது வேற.

இப்ப நம்ம பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895ல பெரியாறு அணை முடிஞ்சு, மேற்க போன தண்ணி மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் வந்ததாலதான் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. என் வயல்ல வடியற தண்ணி வாய்க்கால் வழியா ஆத்துல விழுந்து, 1959ல திறந்த வைகை அணைக்குப் போகுது. அங்க மீனும் வளருது, மதுரைக்குக் குடிதண்ணியும் அங்கருந்துதான் போகுது.

தண்ணியில பச்சை பூத்தா விவசாயி ஊர்ச்சாக்கடையைக் கை காட்டுவான், ஊர்க்காரங்க எங்க யூரியாவைக் காட்டுவாங்க. இந்தச் சண்டையிலயும் ஐசோடோப் சாட்சி சொல்லும். யூரியா நைட்ரஜன் காத்துலருந்து எடுத்தது, அதனால அதோட அளவு காத்தை ஒட்டியே இருக்கும். சாணி எருவும் சாக்கடையும் அம்மோனியாவா ஆவியாகும்போது லேசானது முதல்ல பறந்துடும், கனமானது தங்கிடும். அதை உறிஞ்சின பாசியிலயும், அந்தப் பாசியில வளர்ந்த மீன்லயும் அந்த அடையாளம் ஏறிடும். எல்லாம் கலந்து வந்தா பிரிச்சுச் சொல்றது சிரமம். ஆனாலும் வாய்ச்சண்டையைவிட இது மேல்.

யூரியா மூட்டைக்குக் காசு குடுத்தது நான். பயிருக்குப் போகாம வடிஞ்சு போறது என் காசு, ஏறுறது யாரோ வாங்கித் தின்கிற மீன்ல. அதனால இந்தப் போகம் யூரியாவை மூணு தவணையாப் பிரிச்சுப் போடறேன். போட்ட கையோட வடிமடையை அடைச்சு, தண்ணி வெளிய போகாம பார்த்துக்கிறேன்.