அடுத்த ஆட்டம் யாருக்கு?

ஓர் ஆடுகளத்தில் நியாயம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளா. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் இப்போதும் அங்கேயே இருந்தால், உள்ளே பந்து எவ்வளவு அழகாகப் பறந்தாலும் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை.

இதை இப்போது சொல்லக் காரணம் பிக்கிள்பால். சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது கையில் மட்டையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்தும் கொண்டுவருகிறார்கள். நம் நல்லூர் மாதிரி ஊரில் இதற்கென்று தனிக் களம் கட்ட வேண்டியதுகூட இல்லை. ஷட்டில் இரட்டையர் களத்தின் அளவேதான்: நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. 1965-இல் அமெரிக்காவில் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் அவர் நண்பர்களும் இதைத் தொடங்கியதே ஒரு பழைய ஷட்டில் களத்தில்தான். சரியான மட்டையும் பந்தும் அகப்படாமல், கைக்குக் கிடைத்ததை வைத்து வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. ஓட்டம் குறைவு என்பதால் அறுபதைத் தாண்டியவர்களும் ஆடலாம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்கு மனசு பொறுக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நாலு பேர்தான் ஆட முடியும். 11 புள்ளி ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் எட்டு ஆட்டம், 32 இடம். பதினாறு பேர் வந்திருந்தால் ஆளுக்கு இரண்டு ஆட்டம். இப்போது ‘ஜெயிச்சவன் நிக்கட்டும், தோத்தவன் வெளியே’ என்று ஆடிப் பாருங்கள். ஒரு கெட்டி ஜோடி கடைசிவரை தோற்காமல் நின்றால் 32 இடத்தில் 16 இடம் அந்த இரண்டு பேருக்கே போய்விடும். மீதி 16 இடம் பதினாலு பேருக்கு. அதாவது ஆளுக்கு ஒன்று, இரண்டு பேருக்கு மட்டும் இன்னொன்று. அந்த ஓர் ஆட்டமும் ஊரிலேயே கெட்டியான ஜோடியோடு. 11-2 என்று முடிந்துவிடும். பழக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லோரும் விதிப்படிதான் ஆடினார்கள். விதியே அப்படி.

நஷ்டப்படுகிறவர்கள் யார் என்று கவனித்துப் பார்த்திருக்கிறேன். சண்டை போடுகிறவன் எப்படியும் உள்ளே போய்விடுவான். வாய் திறந்து கேட்காதவர்கள்தான் மிஞ்சுவார்கள். கல்லூரி விட்டு வந்த பெண்பிள்ளை, கட்டிய ஷூ லேஸையே அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும். “நீ போம்மா” என்றால், “பரவால்ல அண்ணா, எனக்கு அவசரம் இல்ல, நீங்க ஆடுங்க” என்று சொல்லும். தயவு செய்து அந்தச் சொல்லை நம்பாதீர்கள். வீட்டில் அனுமதி கேட்டு, ஆறரைக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு அவசரம் இல்லாமல் இருக்குமா? இரண்டு வாரம் அப்படிச் சொல்லும், மூன்றாவது வாரம் வராது. ‘ஏன் வரல’ என்று யாரும் கேட்கவும் மாட்டீர்கள், ஏனென்றால் அது இருந்ததே யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் சின்ன வயதில் இதற்கு ஒரு வழி இருந்தது. உத்தி பிரிப்பது. தலைவர்கள் இரண்டு பேர் நிற்பார்கள். மற்றவர்கள் பலத்தில் சமமாக இருக்கிற இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு வருவார்கள். “மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?” தலைவன் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். மாம்பழம் யார் என்று அவனுக்குத் தெரியாது. எப்படிப்பட்ட ஏற்பாடு பாருங்கள்! யார் யாருக்குச் சமம் என்பதை ஆடுகிறவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள், கெட்டிக்காரர்களை எல்லாம் ஒரே பக்கம் அள்ளிக்கொள்ளத் தலைவனால் முடியாது, ‘எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்க’ என்று கடைசியில் ஒதுக்கப்பட்டு நிற்கும் பிள்ளையும் கிடையாது. ரொம்பச் சின்னப் பிள்ளை வந்தால் அதை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வோம், இரண்டு பக்கமும் ஆடும், அவுட்டானாலும் கணக்கில்லை. அந்தப் பெயர் நல்ல பெயர் இல்லை, இன்றைக்கு நீங்கள் அதைச் சொல்ல வேண்டாம். ஆனால் ஆடத் தெரியாத குழந்தைக்கும் களத்துக்குள் ஓர் இடம் உண்டு என்ற எண்ணத்தை விட்டுவிடாதீர்கள்.

எல்லோரும் முறை வைத்து இடம் மாறுவது வாலிபாலில் விதியாகவே இருக்கிறது. சர்வீஸை எதிரணியிடமிருந்து வாங்கியதும் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர வேண்டும். நெட்டைக்காரன் வலையடியிலேயே நிற்க முடியாது. யாரும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, ஆட்டமே அவனை நகர்த்திவிடும்.

முறைக்கான சண்டை ஆடுகளத்தில் மட்டும் இல்லை. நான் பிழைத்தது விருத்தாசலத்துச் செராமிக்கில். பொம்மை, அகல் விளக்கு, கரண்டுக்கான பீங்கான் சாமான் செய்கிற சிறு பட்டறைகள் நிறைய. எல்லோரிடமும் சூளை இருக்காது. இல்லாதவர்கள் பொதுச் சூளையில் கொடுத்துத்தான் சுட்டெடுக்க வேண்டும். டன்னல் சூளை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளமான குகை, உள்ளே தண்டவாளம், அதன்மேல் சரக்கு அடுக்கிய வண்டிகள். இந்த முனையில் ஒரு வண்டியைத் தள்ளினால் அந்த முனையில் வெந்த வண்டி ஒன்று வெளியே வரும். நடுவில் 1,200 டிகிரியை ஒட்டிய சூடு. ஒருமுறை உள்ளே போனால் எந்த வண்டியும் எந்த வண்டியையும் முந்த முடியாது. ஆகவே சண்டையெல்லாம் வாசலில்தான். அதுவும் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே நாளில் அகல் விளக்கு வெந்தாக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வரிசை என்பது மேஸ்திரியின் தலைக்குள் இருந்தது. தெரிந்தவர் வந்தால் முதல் வண்டி. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து நடத்திய ஒரு சின்னப் பட்டறையின் விளக்குகள் பலகையில் காய்ந்தபடி காத்துக்கிடந்தன. அவர்கள் கேட்கவே கூச்சப்பட்டார்கள். தீபம் வந்துவிட்டது, விளக்கு வரவில்லை. கார்த்திகைக்கு மறுநாள் அகல் விளக்கை யார் வாங்குவார்கள்? அடுத்த வருஷம் சூளை வாசலில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். சரக்கு கொண்டுவருகிறவர் தம் பெயரைத் தாமே எழுத வேண்டும், வரிசைப்படி வண்டி. மேஸ்திரியின் மச்சான் பட்டறையும் அதில் ஐந்தாவதோ ஆறாவதோ நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் நோட்டை நம்பினார்கள். ஆட்கள் எல்லாம் அதே ஆட்கள்தான். மேஸ்திரி கெட்டவரும் இல்லை. தலைக்குள் இருந்த வரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

முறை வைப்பதற்கு இன்னும் பழைய உதாரணமும் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை என்று பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது குடம் அல்ல. வாரியத்தில் இருப்பவருக்குக் காலம் 360 நாள், கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது. இருந்தவர் ஒதுங்கி நின்றால்தான் இல்லாதவருக்கு முறை வரும். ஓலையை எடுப்பதும் விவரம் அறியாத ஒரு சிறுவன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆனால் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்கள்தான் அந்தக் குடத்துக்குள் போயின. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், பெண்கள் எல்லோரும் வெளியே. எவ்வளவு சுத்தமாகக் குலுக்கினாலும் குடத்தில் போடாத பெயர் வெளியே வராது. நீங்கள் களத்தில் வரிசை வைக்கும்போதும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: வரிசையில் மட்டை வைக்கவே தயங்கி நிற்பவர் யாராவது இருக்கிறாரா என்று.

ஆம், மட்டையே வரிசை. வாட்சப்பில் பட்டியல் போடலாம்தான், ஆனால் அது ஒருவர் கையில் இருக்கும். சுவரோரம் மட்டைகளை வந்த வரிசைப்படி வைத்துவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தன் முறை எப்போது என்று தெரியும். முதல் நாலு மட்டை உள்ளே போகும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தாலும் தோற்றாலும் நாலும் வரிசைக் கடைசிக்கு. வெளியே நாலு பேருக்கு மேல் காத்திருக்கும்வரை இதைவிட நல்ல முறை கிடையாது. கூட்டம் குறைவாக இருந்து, ஜெயித்தவர்கள் நிற்கத்தான் வேண்டும் என்றால் நிற்கட்டும், ஆனால் ஜோடியாக வேண்டாம். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம், புதிதாக வருகிற இருவர் ஆளுக்கொருவரோடு. அதுவும் இரண்டு ஆட்டத்துக்கு மேல் இல்லை.

தாமதமாக வருகிறவர் கடைசியில் வைக்கட்டும், ‘நேத்து நான் ஒண்ணுதான் ஆடினேன்’ என்ற பழைய பாக்கியெல்லாம் வேண்டாம். முறை வரும்போது போனில் பேசிக்கொண்டிருப்பவருக்காகக் களம் காத்திருக்கக் கூடாது, அடுத்தவர் போகட்டும், அவர் அதற்கடுத்த ஆட்டத்தில் முதல் ஆள். மட்டை இல்லாமல் வரும் பிள்ளை ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வரிசையில் வைக்கலாம், ஆடும்போது யாராவது மட்டை கொடுங்கள். முக்கியமாக, வரிசையைக் கவனிக்கும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறட்டும். பந்து வாங்கிக் கொடுப்பவர், விளக்குக்குக் கரண்டு பில் கட்டுபவர், எல்லோருடைய மட்டையும் இதே வரிசையில்தான். நான் மேலே சொன்ன மச்சானை மறந்துவிடாதீர்கள்.

நன்றாக ஆடுகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “எங்களுக்குச் சமமான ஆளோட நாங்க எப்ப தாத்தா ஆடறது?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களும் வியர்வை சிந்திக் கற்றவர்கள்தான். நாள் முழுக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டினால் அவர்களும் வேறு ஊர் தேடிப் போவார்கள். கடைசி அரை மணி நேரத்தைச் சமபல ஆட்டத்துக்கு என்று முன்னாலேயே சொல்லி ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் புதிதாக ஆடுகிறவர்களும் தங்களுக்குள் ஒரு சமபல ஆட்டம் ஆடிக்கொள்ளட்டும். எப்போதும் கெட்டிக்காரர் எதிரில் நின்று பயந்து பயந்து ஆடுவதும் ஒரு பிள்ளைக்கு நல்லதில்லை.

யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதற்குக் கணிதக்காரர்களே விடை கண்டிருக்கிறார்கள். 1896-இல் ஈ. எச். மூர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நாலு பேர் ஆடும் சீட்டாட்டத்துக்காக இதை எழுதினார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒருமுறை ஜோடி சேர வேண்டும், ஒவ்வொருவரையும் இரண்டு முறை எதிர்க்க வேண்டும். எட்டுப் பேர், இரண்டு களம் என்றால் ஏழு சுற்றில் முடியும்.

நம் ஊரில் சாதாரண நாளில் வருவது ஐந்து பேர்தான் என்றால் ஐந்து ஆட்டம் போதும். ஆளுக்கொரு எண் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் 1 உட்காரட்டும், 2-ம் 5-ம் ஒரு பக்கம், 3-ம் 4-ம் எதிர்ப்பக்கம். அடுத்து 2 உட்கார, 1-ம் 3-ம் ஒரு பக்கம், 4-ம் 5-ம் எதிரே. மூன்றாவதில் 3 உட்கார, 2-4 எதிர் 1-5. நாலாவதில் 4 உட்கார, 3-5 எதிர் 1-2. கடைசியில் 5 உட்கார, 1-4 எதிர் 2-3. சாக்குக்கட்டியால் தரையில் எழுதிவிட்டு ஆடுங்கள். ஆளுக்கு நாலு ஆட்டம், ஓர் ஓய்வு, எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஜோடி. நடுவில் ஆறாவது ஆள் வந்து சேர்ந்தால் எழுதியதை அழித்துவிட்டு மட்டை வரிசைக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் மட்டை முதலில், வந்தவர் மட்டை அதற்கு அடுத்து. அப்போது ஆடிக்கொண்டிருந்த நாலு பேரில் இரண்டு பேர் வெளியே வர வேண்டியிருக்கும். அதிக ஆட்டம் ஆடியவர்கள் வரட்டும், கணக்குச் சமமாக இருந்தால் பூவா தலையா போட்டுக்கொள்ளுங்கள்.