சுத்தியல் விழும் நேரம்

நெய்வேலியில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்கு வருகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் ‘ஓடணும்’ என்பதுதான். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி ஏற்றி வரும் கன்வேயர் நின்றுபோனால் அடுத்து பாய்லர் பாடு என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தேய்ந்த ரோலரைக் கழற்று, புதுசை மாட்டு, பழசை ஸ்கிராப்பில் போடு. பேரிங் சத்தம் போட்டால் அதை மாற்றுவோமே தவிர, உட்கார்ந்து அதன் கதையைக் கேட்க மாட்டோம். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின்நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டபோதும் இதே நியாயம்தான் பேசியது: இயந்திரம் ஒரு வேலைக்காக இருக்கிறது, வேலை முடிந்தால் இயந்திரமும் முடிந்தது. ஆலைக்கு இந்த நியாயம் சரி. ஆனால் இதே கையோடு, இதே பழக்கத்தோடு, ஒரு பழைய மணிக்கூண்டில் ஏறிப் பாட்டு வாசிக்கும் மணி இயந்திரத்தைப் பிரித்தால், ஒரு ஷிப்ட் நேரத்தில் அதைக் கெடுத்துவிடலாம். அங்கே தேய்மானம் என்பது வெறும் பழுது அல்ல, அந்த இயந்திரம் எழுதி வைத்திருக்கும் கணக்கு. அதைப் படித்து முடிக்கும் முன் அழிக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நம் நாட்டில் இதற்கு முதலில் சொல்ல வேண்டிய உதாரணம் மும்பைப் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம். 1869 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டி, 1878 நவம்பரில் கட்டி முடித்தார்கள். வரைபடம் போட்டவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அவர் மும்பைக்கு வந்ததே இல்லை, லண்டனில் இருந்தபடியே வரைந்து கொடுத்தார். பருத்தி வியாபாரமும் பங்குச் சந்தையுமாகப் பெரும் பணம் சேர்த்த பிரேம்சந்த் ராய்சந்த் கட்டுமானச் செலவில் பெரும்பங்கு தந்து, தன் தாயின் பெயரை வைக்கச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கண் தெரியாது, சமண முறைப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், மகன் கட்டிய கோபுரத்தின் மணியோசை அவருக்கு வேளை சொன்னது என்று ஒரு கதை வழங்குகிறது. 85 மீட்டர் உயரக் கோபுரம். ஆங்கிலேயர் காலத்தில் மொத்தம் 16 மெட்டுகள் வாசித்தது, ஒரு நாளைக்கு நான்கு முறை மெட்டு மாறும். இன்றைக்குக் கால்மணிக்கு ஒரு முறை ஒரே மெட்டுதான். 2015-ல் முடிந்த சீரமைப்பில் கல்லும் வண்ணக் கண்ணாடியும் பழைய பொலிவுக்கு வந்தன. ஒரு கட்டடத்தைச் சீரமைப்பதற்கும், அதன் வயிற்றுக்குள் இருக்கும் வாத்தியத்தைச் சீரமைப்பதற்கும் உள்ள தூரம் அந்த 16-க்கும் ஒன்றுக்கும் இடையே இருக்கிறது.

இப்படிப்பட்ட இயந்திரத்தைக் கேரிலான் என்பார்கள். ஐரோப்பாவில் கணக்காகப் பேசுகிறவர்கள் 23 மணிகளுக்குக் குறைந்தால் அந்தப் பெயரைத் தர மாட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய மும்பை வரை போக வேண்டியதும் இல்லை. தெருமுனைக் கோயிலில் தீபாராதனை நேரத்தில் சுவிட்ச் போட்டதும் தானாக அடிக்கும் மின்சார மேளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு மோட்டார், ஒரு ஷாப்ட், அதில் துருத்திக்கொண்டிருக்கும் கேம்கள், ஒவ்வொரு கேமும் ஒரு குச்சியைத் தூக்கித் தூக்கி விடும். மணிக்கூண்டிலும் இதே வேலைதான், அளவுதான் வேறு. மோட்டாருக்குப் பதிலாகக் கம்பி வடத்தில் தொங்கும் எடை. ஷாப்டுக்குப் பதிலாக ஒரு பெரிய டிரம். அதன் மேல் நூற்றுக்கணக்கில் பின்கள். ஒவ்வொரு பின்னும் சுற்றி வரும்போது ஒரு லீவரைத் தூக்கும், லீவர் மேலே போகும் கம்பியை இழுக்கும், கம்பி மணிக்கு அருகில் இருக்கும் சுத்தியலை ஓங்க வைக்கும். டிரம் அசுர வேகத்தில் ஓடிவிடாமல் இருக்கக் காற்றை அடித்துச் சுழலும் விசிறி ஒன்று. டிரம் பக்கவாட்டில் ஒரு பின் அளவு நகர்ந்தால் வேறொரு வரிசைப் பின்கள் லீவருக்கு நேராக வரும், மெட்டு மாறிவிடும்.

இதில் புதிதாக வருகிறவர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. பின் லீவரைத் தூக்கும்போது ஓசை வருவதில்லை. பின் நுனியிலிருந்து லீவர் நழுவி விழும் அந்த நொடியில்தான் சுத்தியல் இறங்கி மணியைத் தொடுகிறது. ஆகவே தாளம் இருப்பது பின்னின் உடலில் அல்ல, லீவரை விடுகிற அதன் பின்பக்க விளிம்பில். அந்த விளிம்பு ஒரு நூல் தேய்ந்தால் லீவர் முன்கூட்டியே விழும், சுரம் அவசரப்படும். ஒரு மெட்டில் எந்தச் சுரம் முந்துகிறது என்று காதால் கேட்டே எந்தப் பின் தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். அதையும் தாண்டி, எந்த வரிசைப் பின்கள் அதிகம் தேய்ந்தனவோ அந்த மெட்டுதான் அதிகம் ஒலித்தது; எந்த வரிசை மழமழவென்று புதுசாக இருக்கிறதோ அதை யாரோ வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். இதை எந்த லாக் புத்தகமும் எழுதி வைக்காது. பிரித்த அன்றே பின்களைப் பிடுங்கிக் கடைசலில் புதுசு போட்டுவிட்டால் கோபுரத்தின் அத்தனை வருட நாட்குறிப்பும் இரும்புத் தூளாகிவிடும்.

உடனே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தேய்ந்த பின் தப்பான தாளம் போடுகிறதே, செய்தவர் நினைத்தது அந்தத் தாளம் இல்லையே, தப்பைக் காப்பாற்றுவதா சீரமைப்பு? பாதி சரி. ஆனால் தாளம் தப்புவதற்குப் பின் மட்டுமே காரணம் என்று யார் சொன்னது? எஃகுக் கம்பி பத்து மீட்டர் நீளம் இருந்தால் பத்து டிகிரி வெப்பத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், அதைச் சுற்றியுள்ள கல் அவ்வளவு விரியாது. சுத்தியல் ஓய்வில் இருக்கும்போது அதன் முகத்துக்கும் மணிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அது குறைந்தால் சுத்தியல் மணி மேலேயே படுத்து ஓசையை அமுக்கிவிடும், இல்லையென்றால் துள்ளி இரண்டாம் அடி அடிக்கும். கூடினால் அடி சோனியாகும். ஆக முதலில் கம்பி, முளை, புஷ், சுத்தியலைத் தாங்கும் ஸ்பிரிங், விசிறியின் கோணம் இவற்றைப் பார்க்க வேண்டும். இவை எல்லாமே தேய்வதற்கென்றே செய்தவை, கூச்சமில்லாமல் மாற்றலாம். லீவர் நுனியில் புதுத் தகடு வைத்து அந்த லீவரின் நேரத்தைச் சரிசெய்யலாம். இவ்வளவும் செய்தபின் மெட்டில் பெரும்பகுதி தானாகவே தாளத்துக்குள் வந்து உட்காரும். அதற்குப் பிறகும் லீவரைத் தூக்கவே முடியாத அளவுக்கு மழுங்கிய பின்கள், ஒடிந்த பின்கள் மட்டும் மாற்றப்படட்டும். மற்றவை சற்று முந்தினால் முந்தட்டும். வயதான பாடகர் ஒரு இடத்தில் மூச்சு வாங்குவதை நாம் பிழை என்று சொல்வதில்லை.

மணிகளைப் பற்றி இதைவிடக் கறாராக இருக்க வேண்டும். மணி வார்ப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்தில். நல்ல மணியின் ஒரே அடிக்குள் ஐந்து முக்கியமான ஓசைகள் அடங்கியிருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இசையவைக்க உட்புறத்தைக் கடைந்து உலோகம் எடுப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தின் ஹெமனி சகோதரர்கள் கைவரப்பெற்று, அவர்களுக்குப் பின் மறந்துபோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் மறுபடி உயிர்பெற்ற வித்தை இது. ராஜாபாய் கோபுரம் அந்த மறுபிறப்புக்கு முந்தியது. அந்தக் கால மணிகளின் ஸ்ருதி இன்றைய அளவுகோலுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருப்பது இயல்பு, ‘கையோடு ஸ்ருதி சேர்த்துவிடலாமே’ என்று ஆசை காட்டுவதும் அதுதான். எடுத்த உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. சுத்தியல் ஒரே இடத்தில் அடித்து அடித்துத் தட்டையாகியிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு: மணியைக் கால்வாசி திருப்பித் தொங்கவிட்டால் அடிபடாத புது முகம் சுத்தியலுக்கு எதிரே வந்து நிற்கும். பழைய வேலைக்காரர்கள் கண்டுபிடித்த இந்த வழியில் ஒரு கிராம் வெண்கலம்கூடப் போகாது.

இத்தனை பாடு எதற்கு, உச்சியில் நாலு ஸ்பீக்கர் கட்டினால் 16 என்ன, 1,600 மெட்டு போடலாமே என்பார்கள். கண் தெரியாத தாய்க்கு ஓசைதானே வேண்டியிருந்தது, டிரம்மா வேண்டியிருந்தது என்றும் கேட்கலாம். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மணி தெரிந்துகொள்வதற்காக அண்ணாந்து பார்க்கிறவர் இன்று யார்? எல்லார் பையிலும் போன் இருக்கிறது. நேரம் சொல்லும் வேலை என்றோ முடிந்துவிட்டது, ஆலை நியாயப்படி பார்த்தால் கோபுரமே ஸ்கிராப். அதை வைத்திருப்பதற்கு மிச்சமுள்ள ஒரே காரணம், மின்சாரம் இல்லாமல், எடை இறங்குவதை மட்டும் கொண்டு, வெண்கலத்தில் ஒரு பாட்டை அது வாசிக்கிறது என்பது. அதை எடுத்துவிட்டு ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டால் மிச்சம் இருப்பது உயரமான ஒரு ஸ்பீக்கர் கம்பம். செலவுக் கணக்கும் தோன்றுகிற அளவுக்கு அந்தப் பக்கம் சாயவில்லை. எந்த ஆலையிலும் கன்ட்ரோல் கார்டுதான் முதலில் ‘உற்பத்தி நிறுத்தம்’ ஆகும். கியர் பெட்டி அதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். 1878-ல் வெட்டிய பல்சக்கரத்துக்கு இன்றும் ஒரு நல்ல டர்னர் கோயம்புத்தூரில் மாற்றுப் பல்சக்கரம் வெட்டித் தருவார். பதினைந்து வருடத்துக்கு முந்திய சர்க்யூட் போர்டுக்கு யாரைத் தேடுவது? உண்மையான மணிகளையே மின்காந்தச் சுத்தியலால் அடிக்கும் நடுவழி ஒன்றும் உண்டு. டிரம்மையும் லீவர்களையும் கழற்றாமல், பக்கத்தில் தனியாகப் பொருத்தினால் அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு ஆட்சேபம் மெட்டுகளைப் பற்றியது. அந்த 16-ல் பிரிட்டிஷ் அரச வாழ்த்தும் இருந்தது, ‘ரூல் பிரிட்டானியா’வும் இருந்தது. சுதந்திர நாட்டில் அதை ஒலிக்கவிடச் செலவு செய்வதா? ஒலிக்கவிட வேண்டியதில்லை. ஆனால் அழிக்கவும் வேண்டியதில்லை. பெல்ஜியத்தில் புரூஜ் நகரக் கோபுரத்தின் டிரம் 1748-ல் செய்தது, அதில் 30,500 துளைகள். மெட்டு மாற்ற வேண்டும் என்ற நினைப்பிலேயே, பின்களைக் கழற்றி மாட்டும்படி செய்த இயந்திரம் அது. அங்கே மெட்டு மாற்றுவதே மரபு. பின்களை நிரந்தரமாக அறைந்து செய்த டிரம்மோ அப்படிப்பட்டதல்ல, அது அச்சிட்ட புத்தகம். வந்தே மாதரமோ வேறு நல்ல கீர்த்தனையோ வேண்டுமென்றால் அதே அளவில் இரண்டாவது டிரம் ஒன்று செய்து மாட்டுங்கள். பழையது துடைத்து எண்ணெய் பூசி அதே அறையில் ஸ்டாண்டின் மேல் இருக்கட்டும். எந்த வகை டிரம் என்று முதலில் பார்த்துக்கொள்வதற்கு ஒரு டார்ச் லைட் போதும்.

சென்னைவாசிகளுக்குக் கிட்டத்து உதாரணம் ரிப்பன் மாளிகைக் கடிகாரம். 1913-ல் வந்தது, கில்லட் அண்ட் ஜான்ஸ்டன் வார்த்த நான்கு மணிகள், கால்மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு. மிக எளிய மெட்டு, ஆனால் அதன் கணக்கு அழகு. நான்கு சுரம் கொண்ட வரிசைகள் மொத்தமே ஐந்து. முதல் கால்மணிக்கு ஒன்று, அரைமணிக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று, மணிக்கு நான்கு: ஒரு மணி நேரத்தில் பத்து வரிசை. ஐந்து வரிசை எழுதிய டிரம் மணிக்குச் சரியாக இரண்டே சுற்று சுற்றினால் போதும். இதில் ஒரு பின் தேய்ந்தால் அந்தச் சுரம் மணி நேரத்துக்கு இரண்டு முறை, எப்போதும் அதே இரண்டு இடங்களில் முந்தும். காது கொடுத்தால் தெருவிலிருந்தே பழுது கண்டுபிடிக்கலாம்.

ஆகவே, இப்படி ஒரு டிரம் யார் பொறுப்பில் வந்தாலும் ஒரு வேண்டுகோள். ஸ்பானர் எடுக்கும் முன் அது இப்போது எப்படி வாசிக்கிறதோ அப்படியே, தப்புகளோடு, ஒரு முழு நாள் ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்களை வரிசை வரிசையாகப் படம் எடுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்ற பின்னைத் துடைத்து, எந்த வரிசை, எந்தத் துளை என்று சீட்டு எழுதிக் கட்டி, டிரம் இருக்கும் அறையிலேயே ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.