பரிசலும் விமானமும்

தருமபுரி மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கணக்குகளைத் தீர்க்கக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு பல ஆண்டுகள் நான் கற்பித்தது வேறொன்றை என்பதை எனக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி.

பென்னாகரத்துக்கு அப்பால், ஒகேனக்கல்லை ஒட்டிய சிற்றூரிலிருந்து வந்து படித்தாள். தந்தை காவிரியில் பரிசல் ஓட்டுபவர். பதினோராம் வகுப்பில் சார்புத் திசைவேகம் நடத்தியபோது, வழக்கமான ஆற்றுக் கணக்கையே பரிசல் கணக்காக மாற்றிக் கொடுத்தேன். ஆற்றின் அகலம் 200 மீட்டர். நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர். அசையா நீரில் பரிசலின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். நேர் எதிர்க்கரையை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? சூத்திரத்தைக் கரும்பலகையில் கட்டமிட்டு எழுதினேன். எண்களை இட்டார்கள், 3 நிமிடம் என்று விடை வந்தது. அனைவருக்கும் முன்னதாக முடித்தவள் அவள்தான்.

காலாண்டுத் தேர்வுக்கு நானே வினாத்தாள் அமைத்தேன். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகமுள்ள சிறு விமானம் நேர் வடக்கே செல்ல வேண்டும். மேற்கிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. விமானி எப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது ஒரு வினா. அவள் விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அழைத்துக் கேட்டேன்.

"விமானக் கணக்கு நீங்கள் நடத்தவில்லையே, ஐயா!"

முதலில் சினம்தான் வந்தது. இரண்டும் ஒரே கணக்கல்லவா! வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், அவை ஒன்று என்பதை நான் ஒருநாளும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பது உறைத்தது.

இது எங்கள் ஊர்க் குறை மட்டுமன்று. 1981இல் அமெரிக்காவில் சி, பெல்டோவிச், கிளேசர் என்னும் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னபோது, தொடக்கநிலை மாணவர்கள் சாய்தளக் கணக்குகளை ஒரு பக்கமும் சுருள்வில் கணக்குகளை ஒரு பக்கமும் வைத்தார்கள். துறையில் ஆழ்ந்தவர்களோ, ஆற்றல் அழியாமை போன்ற உள்ளிருக்கும் விதியைக் கொண்டு பிரித்தார்கள். என் மாணவி பரிசலைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஓடிய விதியைப் பார்க்க நான் வழிசெய்யவில்லை.

மறுநாள் அவளிடம் சூத்திரம் எதையும் கேட்கவில்லை. "எதிரே உள்ள பாறைக்குப் போக உன் தந்தை என்ன செய்வார்?" என்றேன்.

"பாறையைப் பார்த்துத் துடுப்புப் போட மாட்டார், ஐயா. அதற்கு மேலாகப் பார்த்துப் போடுவார். தண்ணீர் கீழே இழுத்துக் கொண்டுவந்து பாறையில் சேர்த்துவிடும்."

"காற்றும் ஓர் ஆறு என்றால்?"

நெடுநேரம் பேசாமல் நின்றாள். விடையைச் சொல்லிவிட என் நாக்குத் துடித்தது. ஆசிரியனுக்கு அதை அடக்குவதைவிடக் கடினமான வேலை வேறில்லை. பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து, வடக்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்த ஓர் அம்பு வரைந்தாள். வடக்கு நோக்கிய வேகம் 120 என்பது தானாக வந்தது.

அதன்பின் வகுப்பு முறையை மாற்றினேன். கணக்கைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நடப்பதைச் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். படம் வரைய வேண்டும். விடை கூடுமா குறையுமா என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். சூத்திரம் அதற்குப் பிறகுதான். பத்துக் கணக்குப் போட்ட நேரத்தில் மூன்றே முடிந்தன. பாடம் பின்தங்குகிறது என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டார்கள். அதில் உண்மையும் இருந்தது. எத்தனை முறை சொன்னாலும் "எந்தச் சூத்திரம் ஐயா?" என்றே கேட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் நான் வெற்றி பெறவில்லை. விரைந்து விடையைக் குறிக்கச் சொல்லும் தேர்வுகள் பெருகிவிட்ட இக்காலத்தில் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆயினும், இயற்பியல் அறியாத தாய்மாரும் இதை வீட்டில் செய்யலாம். "விடை என்ன?" என்பதற்குப் பதிலாக, "இதில் என்ன நடக்கிறது, சொல்லு" என்று கேட்டால் போதும்.

அந்த மாணவி ஆண்டிறுதிக்கு முன் ஒருநாள் எழுந்து, "ஐயா, விமானத்துக்கு மூக்கு இருக்கிறது. பரிசல் வட்டமாகச் சுழன்றுகொண்டே போகிறதே, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எப்படிச் சொல்வது?" என்றாள்.

எனக்கு உடனே விடை தெரியவில்லை. மணி அடிக்கும்வரை வகுப்பு முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.