விளிம்பில் ஒரு வரப்பு

பிரேக் டிஸ்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு வரப்பு தட்டுப்படும். பிரேக் பேடு தொடாத விளிம்பு அது. உள்பக்கமெல்லாம் தேய்ந்து இறங்கிய பிறகும் அது மட்டும் துருவேறி உயர்ந்து நிற்கும். இன்று காலை சக்கரத்தைக் கழற்றியதும் என் விரல் தானாக அங்கே போனது. மேட்டுப்பாளையத்து மேஸ்திரி பழக்கிய விரல்.

அப்பாவின் மாருதி 800 அவரிடம்தான் போகும். அதற்கு முன் அப்பா ஓட்டியது டிரம் பிரேக் வைத்த பழைய அம்பாசிடர். டிரம்முக்குள் நடப்பது வெளியே தெரியாது; மாருதியின் டிஸ்க் கண்ணெதிரே பளபளத்ததால் அவருக்கு அதன்மேல் அலாதி நம்பிக்கை. பளபளப்புக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்று குன்னூர் இறக்கத்தில்தான் தெரிந்தது. பர்லியாறு வருவதற்குள் வண்டிக்குள் கருகல் வாடை. பெடல் உதறியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா பேசாமல் இரண்டாம் கியருக்கு மாற்றி, ஓரங்கட்டி ஆறவிட்டார். தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்தார். காய்ந்த இரும்பு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,500 மீட்டர் இறக்கம். பிரேக்கை மிதித்தே இறங்கினால் அந்த வேகத்தின் பெரும்பகுதி சூடாகி அந்த இரும்புத் தட்டுகளில்தான் ஏறும். தட்டு மெலிந்தால் சூட்டை வாங்க இரும்பு ஏது?

“பேடு போன மாசம்தான் மாத்துனேன்” என்றார் அப்பா, மேஸ்திரியின் பட்டறைக்கு வந்ததும். மாற்றியது வேறு பட்டறையில்.

“பேடு புதுசுதானுங்க. டிஸ்க்கை யாராச்சும் அளந்தாங்களா?”

வெர்னியரை எடுத்த பையனை மேஸ்திரி நிறுத்தினார். அதன் தாடைகள் இரு பக்க வரப்பிலும் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைப் புதிது என்று சொல்லிவிடும். மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தார். ராட்செட் டிக் டிக்கென்றது. சுற்றிலும் சாக்பீஸால் எட்டுக் குறி. எட்டு எண்களையும் நான் நோட்டில் எழுதினேன். இடத்துக்கு இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும் என்றார்.

பிறகு, டிஸ்க் ஆடுகிறதா என்று பார்க்க டயல் கேஜ். அதற்கு முன் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சக்கர நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை இறுக்கினார். இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவே ஒட்டிய துருச் செதில் போதும், நேரான டிஸ்க் கோணலாக ஆடும். நல்ல இரும்பை வளைந்தது என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். லேத்தில் போட்டுச் சீவலாமா என்று அப்பா கேட்டார். சீவிய பிறகும் குறைந்தபட்ச கனத்துக்கு மேலே இருக்க வேண்டுமே என்று மேஸ்திரி, டிஸ்கின் நடுக்கிண்ணத்தில் பொறித்திருந்த எண்ணைத் துணியால் துடைத்துக் காட்டினார். அத்தனை வருடம் ஓட்டியும் அப்பா அதைப் பார்த்ததில்லை.

இன்று என் வண்டியில் அந்த எண் 20 மில்லிமீட்டர்; புதிதில் 22. வரப்பின் மேல் வெர்னியர் 22 என்றே காட்டியது. உள்ளே தள்ளி மைக்ரோமீட்டரில் எட்டு இடம் அளந்தேன். பெரியது 20.03. சிறியது 19.98. பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, சிறியதை. முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றிவிட்டேன்.