தையற்கடைக்கு மேலே ஒரு பியானோ வகுப்பு

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது மல்லிகைச் சரம், வாழையிலைச் சாப்பாடு, தீபாவளி நெரிசல். பெயர் சொல்வதுபோல, ஒரு காலத்தில் இங்கே செங்கல் சூளைகள் இருந்தன. பிறகு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்புகள் வந்தன. 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு உயர்ந்த கட்டடங்கள், பழைய கடைவீடுகளுக்கு மேல் எட்டிப் பார்க்கத் தொடங்கின. அந்தக் கடைவீடுகளில் ஒன்றில், தையற்கடைக்கு மேல்மாடியில், சிறிய பியானோ வகுப்பு ஒன்று நடக்கிறது. வானொலியில் காலை நிகழ்ச்சி முடிந்ததும் சில வாரங்களாக அங்கே போய் உட்கார்ந்து வருகிறேன்.

இரண்டே அறைகள். ஒன்றில் சுவரோரம் நிற்கும் பழைய பியானோ, மற்றதில் மின்பியானோ. ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியை ஒருவரே பாடம் நடத்துகிறார், கணக்கு எழுதுகிறார், தரையும் கூட்டுகிறார்.

"தம்பி, நம்ம ஊர் வெயிலும் மழையும் பியானோவுக்கு ஒத்து வராது" என்றார் முதல் நாளே. உள்ளே இருக்கும் 200க்கும் மேற்பட்ட கம்பிகள் சேர்ந்து இழுக்கும் விசை 15 டன்னையும் தாண்டும். காற்றில் ஈரம் ஏறினால் மரம் உப்பும், கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும், கம்பியில் துரு பிடிக்கும். அதனால் பியானோவுக்குள் சிறிய சூடேற்றும் குழாய் ஒன்று இரவும் பகலும் எரிகிறது. ஆண்டுக்கு இருமுறை சுருதி சேர்ப்பவர் வருகிறார். இந்தச் செலவெல்லாம் மாதக் கட்டணத்திலிருந்துதான்.

பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகள். கால் எட்டாத ஐந்து வயதுக் குழந்தைக்கு முதலில் ஒரு முக்காலி. பிறகு கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து என்று விரல்களுக்கு எண். இரவு எட்டு மணிக்கு மேல், அலுவலகத்திலிருந்து நேரே வரும் இளையர்கள். எனக்குப் பிடித்தது காலை பத்து மணி வகுப்பு. அப்போது வருகிறவர்கள் தாத்தா, பாட்டிகள்.

சிறுவயதில் பாட்டுக் கற்ற ஒரு பாட்டி, தாளில் எழுதிய குறியீடுகளைக் கண்டு மிரண்டார். ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையைக் காட்டினார். அங்கிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தச் சொன்னார். ஐந்து கட்டை போனதும் பாட்டியின் முகம் மாறியது. "இது மோகனம் இல்லையா!" என்றார். பியானோவில் கமகம் வராது. அழுத்திய சுரம் அப்படியே நிற்கும். அதையும் அவரே கண்டுபிடித்து, கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமைகளில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் வருகிறார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நடைபாதையில் பதித்த புடைப்புக் கற்களைக் கோலால் தொட்டபடி தனியாகவே வந்து சேர்கிறார். இசைக்கும் பிரெயில் எழுத்து உண்டு. லூயி பிரெயிலே ஆர்கன் வாசித்தவர். இடக்கையால் தடவிப் படித்துக்கொண்டே வலக்கையால் வாசிக்கிறார், பிறகு கை மாற்றுகிறார். இரண்டும் மனப்பாடம் ஆன பிறகுதான் இரு கைகளும் கட்டைகளின்மேல் சேரும். நமக்கு ஒரு பக்கம் ஒரு வாரம் என்றால் அவருக்கு மூன்று வாரம்.

இவ்வளவும் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்திவிட்டார். பூச்சோங் பக்கம் போனால் மலிவு. ஆனால் ரயிலில் வந்து இறங்கும் பாட்டியும், புடைப்புக் கற்களை நம்பி நடக்கும் இளைஞரும் அங்கே எப்படிப் போவார்கள்? தேர்வு எழுதும் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகும் என்றார்கள் சிலர். உண்மைதான். பெற்றோரின் முதல் கேள்வியே "எத்தனை மாதத்தில் முதல் கிரேடு?" என்பதுதான். தேர்வை ஆசிரியை வெறுப்பதில்லை. எட்டு கிரேடுகளையும் முடித்தவர்கள் அவரிடம் இருக்கிறார்கள். ஆனால் காலை வகுப்பை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு அறைகளையும் ஒரு வயலின் ஆசிரியருக்கு உள்வாடகைக்கு விட, உரிமையாளரும் சம்மதித்தார். கணக்கு எப்படியோ சமாளிக்கும் அளவுக்கு வந்தது. போன வாரம் இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.